துண்டுக்குள் இருந்த விலை

கொன்றது அவர்தான். துப்பாக்கி தூக்கவில்லை, கத்தி எடுக்கவில்லை, சட்டையில் ஒரு பொட்டுக் கறை படவில்லை. ஆனாலும் கொன்றது அவர்தான். பதினேழு வருஷமாக நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்க ஆளில்லை. இன்றைக்கு நீங்களாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

உட்காருங்கள் தம்பி. காரை நிழலில்தானே விட்டிருக்கிறீர்கள்? அப்படியென்றால் அவசரம் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை புதுவீடு புகுகிறோம், முதலில் உள்ளே நடத்திப் போகப் பசுவும் கன்றும் வேண்டும் என்றீர்கள். யார் வீடு என்று கேட்டேன். பெயரைச் சொன்னீர்கள், அவர் என் மாமனார் என்றீர்கள். அந்தப் பெயரை நான் என் வாயால் சொல்லமாட்டேன். இந்தத் தொழுவத்தில் அது அடிபடக்கூடாது.

என்ன சொன்னார் உங்களிடம்? 'செங்கோடன்கிட்டயே போ, அவர் கேக்கற விலையைக் குடுத்துடு, பேரம் பேசாதே' என்றாரா? பார்த்தீர்களா? உறுத்துகிறது. இல்லாவிட்டால் பேரம் பேசாமல் மாடு வாங்கச் சொல்வானா ஒரு மனுஷன்? தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம் பார்த்தவர், ஒரு சென்ட் கணக்கு விடமாட்டார். என்னிடம் மட்டும் பேரம் வேண்டாமாம். நான் என்ன பிச்சைக்காரனா?

சரி. கோபப்படவில்லை. எனக்குக் குரலே இப்படித்தான்.

நான் தரகன். அப்பன் பாட்டன் வழியில் வந்ததில்லை. சேலத்துப் பக்கம் பஞ்சம் வந்தபோது ஒரு மாமனோடு கப்பலேறி மலாயாவில் இந்தக் கெடாச் சீமைக்கு வந்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவ விட்டார்கள். கங்காணி வேலை பார்த்த மண்டோர் அடித்தான், நானும் அவனைத் திருப்பி அடித்துவிட்டு ஓடினேன். மாட்டுக் கொட்டகையில் படுத்தேன். அங்கேயே தொழில் கற்றேன். முதல் மாட்டில் ஏமாந்தேன், இரண்டாவது மாட்டில் ஏமாந்தேன், மூன்றாவது மாட்டில் ஏமாற்றினேன். அவ்வளவுதான் என் படிப்பு.

எங்கள் பேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்கமாட்டீர்கள், நீங்கள் கார் வாங்குகிற தலைமுறை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டுக்கொள்வோம். துண்டுக்கு அடியில் இவன் விரலை அவன் பிடித்தால் அது விலை. எத்தனை விரல், எந்தக் கணு, அதெல்லாம் எங்களுக்குள். வெளியே நிற்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் வாய் சும்மா இருக்காது. வாங்குகிறவன் வாய் மாட்டைத் திட்டிக்கொண்டே இருக்கும். 'இது மாடா, எலும்புக்கூடு. பல்லைப் பாரு, கிழம். காலைப் பாரு, நொண்டி. இதை ஓட்டிட்டுப் போனா வழியிலேயே செத்துரும்.' சுற்றி நிற்கிறவன் திட்டைக் கேட்பான். உள்ளே விரல் நல்ல விலை சொல்லிக்கொண்டிருக்கும். மாடு எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவு திட்டுவோம். பிடிக்காத மாட்டை நான் திட்டவே மாட்டேன். 'நல்ல மாடுங்க' என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. உங்கள் மாமனார் வைத்துக்கொள்ளவில்லை.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை பங்களாவைப் போட்டுவிட்டு ஓடினான். அந்தப் பங்களாவில் ராணுவப் போலீஸ் வந்து உட்கார்ந்தது. ஒரு கேப்டன். குட்டை ஆள், கண்ணாடி போட்டவன், சிரித்த முகம். அந்தச் சிரிப்பை நம்பி எத்தனை பேர் போனார்கள். காட்டுக்குள்ளே அவனை எதிர்த்து ஒரு கூட்டம் இருந்தது. சீனர்கள்தான் அதிகம், கூட இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒளிந்திருந்தார்கள் என்பார்கள். காட்டுக்காரர்கள் என்று நாங்கள் சொல்வோம். அவர்களுக்கும் கறி வேண்டுமில்லையா? நான் இரண்டு காளைகளை ஓட்டிப்போய்க் கொடுத்தேன். எனக்கு வியாபாரம், வேறொன்றுமில்லை. மாட்டிக்கொண்டேன்.

கேப்டன் என் தலையை வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. எதிரே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தான். பக்கத்தில் உங்கள் மாமனார் நின்றார். அப்போது அவர் தோட்டத்துச் சின்னக் கிராணி. ஜப்பான் பாஷையை மூன்று மாதத்தில் படித்துவிட்டார், மூளைக்காரர். அதனால் கேப்டனுக்கு வாய் இவர்தான். 'நீ ஊர் ஊராப் போறவன். காதைத் திறந்து வச்சுக்கோ. காட்டுக்கு யார் சேதி குடுக்கறான்னு வந்து சொல்லு. சொன்னா அரிசி. சொல்லலைன்னா...' என்றார். கேப்டன் தன் கழுத்தைத் தடவிக் காட்டினான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆக, நான் அவர்கள் ஒற்றன் ஆனேன். சொல்ல வெட்கமில்லை. நீங்கள் அந்தத் தேநீரைக் குடித்திருந்தால் நீங்களும் ஆகியிருப்பீர்கள்.

பங்களாவில் ஒரு சீமைப் பசு இருந்தது, துரை வளர்த்தது. கேப்டனுக்குப் பால் பிடிக்கும். அதைக் கறக்க, மேய்க்க, பங்களாவில் துணி துவைக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். பாவாயி. எங்கள் பக்கத்துப் பெண்தான். புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். கூடப் போன ஒருவன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, அவள் புருஷன் போன ஆறாம் மாதமே வாந்திபேதியில் செத்துப்போனான் என்று சொன்னான். அவள் தாலியைக் கழற்றிவைத்துவிட்டு மறுநாள் பால் கறக்க வந்தாள். அழவில்லை என்று ஊரே பேசியது. அழாத பொம்பளையைக் கண்டால் ஊருக்குப் பயம்.

பசுவுக்கு மடிவீக்கம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ப் பசுவைச் சுற்றி வந்தேன். வேலை வேறாயிற்றே, கண் பங்களாவைச் சுற்றி வந்தது.

"என்ன தரகரே, மடி ஜன்னல்லயா இருக்குது?" என்றாள்.

"வாய் ரொம்ப நீளம் உனக்கு."

"மாட்டுப் பல்லைப் பாக்காம ஜன்னலைப் பாக்கற தரகரை எங்கப்பன்கூடக் கண்டதில்லை."

"உங்கப்பன் யாரு, பெரிய தரகனோ?"

அவள் முந்தானைத் தலைப்பைக் கைமேல் போட்டுக்கொண்டு நீட்டினாள். நான் சிரித்துக்கொண்டே பிடித்தேன். தம்பி, அந்த விரல்கள் பேசின. சுத்தமாக, எங்கள் சந்தை முறை ஒன்றும் தவறாமல். அவள் அப்பன் கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போனவன், ஆண்பிள்ளை இல்லாமல் இவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவன் என்று பிறகு தெரிந்தது. மடிக்கு மருந்து போட நான் கேட்ட கூலியைப் பாதிக்குக் குறைத்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். என் வாழ்க்கையில் யாரும் அப்படிக் குறைத்ததில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மடிவீக்கம் வற்றி வெகுநாள் ஆன பிறகும் போனேன்.

ஒருநாள் மத்தியானம் சடக்கு ரோட்டில் சைக்கிளில் வருகிறேன், பசு செம்மண் மேட்டில் கட்டியிருந்தது. கட்டாந்தரை, ஒரு புல் கிடையாது. இந்தப் பக்கம் ஓடைக்கரையில் முழங்கால் அளவு புல். மாடு தெரிந்தவள், தரகன் மகள், புல்லை விட்டுவிட்டு மேட்டில் கட்டுவாளா? மறந்து கட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் அரிசி லாரிகள் போயின. காட்டுக்காரர்கள் வழியில் மடக்கினார்கள். கொஞ்சநாள் கழித்து மறுபடியும் பசு மேட்டில். மறுபடியும் மறுநாள் லாரி, மறுபடியும் அடி. மேட்டில் கட்டினால் காட்டோரத்திலிருந்து தெரியும். புரிந்துவிட்டது, இவள்தான். கேப்டன் தலைகீழாக நின்று தேடிக்கொண்டிருக்கும் ஆள், என் விரலைப் பாதிக்குக் குறைத்த ஆள்.

நேரே போனேன். சிப்பாய் ஒருவன் வாசலில் நின்றான். பசுவின் கன்றுக்கு விலை பேசுவதுபோல் துண்டைப் போட்டேன். வாயால் கன்றைத் திட்டிக்கொண்டே இடையில் மெதுவாகச் சொன்னேன்:

"மேட்டுல புல் நல்லாருக்குதா பாவாயி?"

அவள் கை ஆடவில்லை. "உங்களுக்கு அரிசி நல்லாருக்குதா தரகரே? பங்களா அரிசி?"

துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றேன்.

"ஜன்னலைப் பாத்த அன்னிக்கே. காட்டுல கேக்கறாங்க, இந்த ஊர்ல காட்டிக்குடுக்கறவன் யாருன்னு. பேரு சொன்னா ஒரே ராத்திரி, உங்க கதை முடிஞ்சுது."

"சொல்லிட்டியா?"

"சொல்லியிருந்தா இந்தக் கையை யாரு புடிச்சிட்டு இருக்கறது?"

அப்படித்தான் ஆரம்பித்தது. அவள் கழுத்து என் வாயில், என் கழுத்து அவள் வாயில். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். வேறு என்ன சொல்ல? கல்யாணம் பண்ணினவர்கள் இதைவிடக் கட்டுப்பட்டா இருக்கிறார்கள்?

அந்த ஒரு பருவம் தம்பி, ரம்பூத்தான் காய்த்துத் தள்ளிய பருவம், நான் இரண்டு பக்கமும் பொய் சொல்லிக்கொண்டு ராஜா மாதிரி இருந்தேன். கேப்டனிடம் போய், ஓடிப்போனவன், செத்துப்போனவன் பெயரையெல்லாம் சொன்னேன். 'அவன்தான் சேதி குடுத்திருக்கான், போன வாரம் காய்ச்சல்ல செத்துட்டான்' என்பேன். உங்கள் மாமனார் என்னை ஒரு பார்வை பார்ப்பார். பார்த்துவிட்டு அப்படியே ஜப்பான் பாஷையில் சொல்வார். அவருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதென்று எப்படிச் சொல்ல? அவளும் காட்டுக்காரர்களிடம் 'இன்னும் கண்டுபுடிக்கலை' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு எளிதில்லை. அவளுக்கு அவர்கள்மேல் விசுவாசம் இருந்தது. எனக்கு யார்மேலும் கிடையாது, அவள்மேல் தவிர.

நாங்கள் தொட்டுக்கொண்டதெல்லாம் அந்தத் துண்டுக்குள்தான். சிப்பாய் பார்த்துக்கொண்டிருப்பான், பங்களாத் தோட்டக்காரன் ராசப்பன் பார்த்துக்கொண்டிருப்பான். வாய் கன்றைத் திட்டும். ஒரு கன்றுக்கு எத்தனை நாள் விலை பேசுவது? ராசப்பன்கூடக் கேட்டான், "ஏம்பா, அந்தக் கன்னுக்குட்டி காளையாகி வண்டி இழுக்கற வரைக்கும் பேசுவீங்களா?" அவள் திட்டத் தொடங்கினால் நான் சிரிப்பை அடக்க வேண்டும். "கன்னைக் கேக்க வந்திருக்கற மூஞ்சியைப் பாரு, ஆட்டுக்குட்டிக்குக்கூட லாயக்கில்லை. இவர் கையில குடுத்தா கன்னு வெக்கத்துலயே செத்துரும்" என்பாள். உள்ளே விரல் என் விரலை இறுக்கிப் பிடித்திருக்கும். எவ்வளவு திட்டினாளோ அவ்வளவு இறுக்கம். எனக்கு இதைவிட நல்ல வார்த்தை எந்தப் பொம்பளையும் சொன்னதில்லை.

வா போய்விடலாம் என்றேன். பேராக்குப் பக்கம் எனக்குத் தெரிந்த சீன முதலாளி, தவ்கே ஒருவர் இருந்தார், அவர் பண்ணையில் நூறு மாடு. யாரும் கேட்கமாட்டார்கள்.

"போலாம்" என்றாள். "இவனுங்க போகட்டும், அப்புறம் போலாம்."

"இவனுங்க எப்பப் போறது? யுத்தம் நீ சொன்னா நிக்குமா?"

"நான் கட்டற கயித்துல ஒரு லாரி நிக்குதில்ல?"

"செத்தவனுக்காக என்னைச் சாகடிக்கறே நீ."

"செத்தவனுக்காக இல்ல. சயாமுக்கு ரயிலேத்தறப்ப நானும் சேந்துதான் கையாட்டி அனுப்பிவெச்சேன். சம்பளம் நல்லாருக்கும்னு சொன்னானுங்க, நம்பினேன். ஒருத்தரா ரெண்டு பேரா, இந்தத் தோட்டத்துல பாதி ஆம்பளைங்க. அதுக்கு யாரு பதில் சொல்றது, நீங்களா?"

நான் கத்தினேன். அவளும் கத்தினாள். சிப்பாய் ஓடிவந்து பார்த்தான். விலை படியவில்லை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனான்.

பிறகு அந்த லாரிகள். கேப்டன் என்னைக் கூப்பிட்டுப் பேச்சுவாக்கில், 'நாளைக்கு எட்டு லாரி, மருந்தும் துப்பாக்கியும் போகுது' என்றான். எனக்குச் சந்தேகம். எட்டு லாரி சேதியைத் தரகனிடம் சொல்கிறவன் கேப்டனா? இது தூண்டில். பங்களாவிலும் இவள் காதுபடப் பேசியிருப்பான். ஓடினேன். துண்டைப் போடக்கூட இல்லை.

"இன்னிக்குக் கட்டாதே. பொறி வச்சிருக்கான்."

"பொறின்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். சந்தையில ஒருத்தன் வலியக் கூப்பிட்டு நல்ல மாட்டைக் காட்டினா அதுல பழுது இருக்கும்."

"துப்பாக்கி நிஜமா இருந்துட்டா? அதை வச்சு யாரைச் சுடுவான்?"

"பாவாயி, எனக்காக ஒரே ஒரு நாள்."

அவள் என்னைப் பார்த்தாள். பசுவின் கயிறு கையில் இருந்தது. நான் திரும்பி வரும்போது ஓடைக்கரை பக்கம்தான் நடத்திக்கொண்டு போனாள். நிம்மதியாக வந்தேன். சாயந்திரம் பார்க்கிறேன், பசு மேட்டில்.

லாரிகள் உண்மையில் போயின. மருந்தும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, சாக்கில் உமி. காட்டுக்காரர்கள் வந்தார்கள், காத்திருந்த சிப்பாய்கள் சுட்டார்கள். மறுநாள் காலையில் பங்களா வேலையாட்களையெல்லாம் பிடித்தார்கள். பாவாயி, ராசப்பன், சமையல்காரச் சீனன்.

நான் போனேன் தம்பி. யாராவது போவானா? நான் போனேன். இருக்கிற வேட்டியில் நல்லதைக் கட்டி, துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, சந்தைக்குப் போவதுபோல் போனேன். பங்களாவின் பின்முற்றத்தில் இரண்டு வரிசை. ஒரு வரிசை சுவரோரம் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று வேலியோரம், லாரிக்குப் பக்கத்தில். பாவாயி சுவரோரம். உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தாள், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். கெட்டிக்காரி.

கேப்டன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். உங்கள் மாமனார் பக்கத்தில். நான் என் தொழிலைத் தொடங்கினேன். வாங்கப் போகிற மாட்டை முதலில் என்ன செய்வோம்? சொன்னேனே.

"இவளா சேதி குடுத்தவ?" என்று சிரித்தேன். "ஐயா, இவ எதுக்கும் உதவாதவ. காது மந்தம். மூளையும் மந்தம். வாயைத் தொறந்தா பொய். இவளுக்குச் சோறு போட்டு வச்சிருக்கறது தண்டம். இவகிட்ட எந்தச் சேதியும் கிடைக்காது. விஷயம் தெரிஞ்சவன்னா அந்தத் தோட்டக்காரன்தான். அவனைப் புடிச்சு விசாரிங்க."

அதுவும் தொழில்தான் தம்பி. பிடித்த மாட்டை விட்டுவிட்டுப் பக்கத்து மாட்டைப் புகழ்வது.

உங்கள் மாமனார் மொழிபெயர்க்கவில்லை. என் பக்கம் குனிந்தார். "செங்கோடா, நிஜமாவே இப்படித்தான் சொல்லணுமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பேரத்தின் நடுவில் எவனாவது குறுக்கே வருவானா? "ஒரு வார்த்தை விடாமச் சொல்லுய்யா!" என்று கத்தினேன்.

சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. கேப்டன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. இதைத்தான் நான் கேட்கிறேன்: நான் கோபத்தில் ஆயிரம் சொல்வேன். படித்த மனுஷனுக்கு அறிவு வேண்டாமா? தரகுப் பேச்சை யாராவது அப்படியே தூக்கிக் கொடுப்பார்களா?

கேப்டன் சிரித்தான். சோதிக்க நினைத்தான்போல, பிரம்பால் மேசையில் ஓங்கி ஒரு அடி. முற்றத்தில் எல்லாரும் துள்ளினார்கள். நான் துள்ளினேன். பாவாயி அசையவில்லை. இமைகூட ஆடவில்லை. நிஜச் செவிடு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

இனி விலை சொல்ல வேண்டும். உண்மை விலை. என்னிடம் இருந்த மாடு அத்தனையும், கொட்டகையும், எனக்கு என்று இருந்த எல்லாமும். அதை எப்படி வாயால் சொல்வது? சுற்றிச் சிப்பாய்கள். நான் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டு உங்கள் மாமனார் பக்கம் நீட்டினேன். பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். விரல் கணக்குத் தெரியாவிட்டாலும், நான் பிடித்த பிடியிலேயே தெரிந்திருக்கும். அவர் பிடிக்கவில்லை. ஒரு அடி பின்னால் போனார். துண்டுக்குள் கத்தி இருக்கிறது என்று நினைத்தாரா, லஞ்சம் என்று நினைத்தாரா? சிப்பாய் ஒருவன் என் கையில் துப்பாக்கிக் கட்டையால் போட்டான். இதோ பாருங்கள், இந்த விரல் இன்னும் மடங்காது. துண்டு கீழே விழுந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

"போதும் செங்கோடா, வாயை மூடிட்டுப் போ" என்றார் உங்கள் மாமனார். அப்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. அதிகாரம்.

கேப்டன் விரலைச் சுண்டினான். பாவாயியை எழுப்பி, சுவரோர வரிசையிலிருந்து வேலியோர வரிசைக்கு மாற்றினார்கள். தம்பி, சந்தையில் விலை படிந்த மாட்டை அவிழ்த்துத்தான் வேறு வரிசையில் கட்டுவார்கள். நான் பேரம் முடிந்தது என்று நினைத்தேன். கும்பிட்டேன். அந்தக் குட்டையனுக்கு இரண்டு கையாலும் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். இரண்டு பேருக்கு அரிசி போட்டேன்.

லாரி சாயந்திரம் போனதாம். வேலியோர வரிசையோடு போய், வெறுமனே திரும்பியதாம். விஷயம் உள்ளவர்களை அவர்கள் வைத்துக்கொள்வார்களாம், அடித்து விசாரிக்க. உதவாதவர்களை வைத்துச் சோறு போடமாட்டார்களாம். இது எனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள் எனக்கு? அந்தப் பங்களாவில் தினமும் நின்றவருக்குத் தெரியும். அவர் ஏன் சொல்லவில்லை? 'நிஜமாவே இப்படித்தான் சொல்லணுமா'வாம். அது சொன்னதாகுமா? என்னை ஒரு அறை அறைந்து சொல்லியிருக்கவேண்டாமா?

அந்த மாதமே யுத்தம் முடிந்தது. அந்த மாதமே தம்பி. ராசப்பன் வெளியே வந்தான். நகம் இல்லை, பல் இல்லை, ஆனால் உயிரோடு வந்தான். இன்றைக்கும் சந்தையில் கீரை விற்கிறான். அவன் ஊரெல்லாம் என்ன சொல்லிவைத்தான் தெரியுமா? 'செங்கோடன் வந்து பேசினான், உடனே அவளை வரிசை மாத்தினாங்க. ரெண்டும் ஜப்பான்காரன் ஆளுங்க. அவளை எங்கேயோ சொகமா அனுப்பிட்டாங்க' என்று. ஊர் நம்பியது. காட்டுக்காரர்களும் நம்பினார்கள். அவளை வைத்துச் சேதி வாங்கின ஆட்களும் அன்றைக்குச் சுடுபட்டுச் செத்துவிட்டார்கள், சாட்சி சொல்ல ஆள் இல்லை.

ஆடி அமாவாசைக்கு இங்கே ஆற்றில் இறங்கி நிற்பார்கள். யுத்தத்தில் திரும்பாதவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லித் தண்ணீர் விடுவார்கள். சயாம் போனவன், குண்டில் செத்தவன், பட்டினியில் செத்தவன், எல்லார் பெயரும் உண்டு. அவள் புருஷன் பெயரும் உண்டு. நான் போய் 'பாவாயி' என்பேன். ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். எல்லாரும் கரையேறிவிடுவார்கள். ராசப்பன் துப்பிவிட்டுப் போவான். நான் மட்டும் தண்ணீரில் நிற்பேன். மேட்டில் மாட்டைக் கட்டினவள் அவள் என்று சொன்னால், சொல்கிறவன் யார் என்று பார்க்கிறார்கள். என் பேச்சை யார் எடுப்பார்கள்? நான் பொய் சொல்கிற தொழில்காரன். உங்கள் மாமனார் சொன்னால் எடுப்பார்கள். கோயில் கமிட்டித் தலைவர், பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஏன் சொல்லவில்லை? என்ன, மறுபடி சொல்லுங்கள். 'வாயைத் திறந்தால் முழுக்கச் சொல்லவேண்டி வரும், செங்கோடன் தாங்கமாட்டார்' என்றாரா? எப்போது சொன்னார்? யாரிடம்? உங்களிடமா?

நான் ஏன் தாங்கமாட்டேன்? எனக்கு என்ன? நான் பேரம் பேசினேன். தொழிலைச் செய்தேன். அந்தப் பேச்சில் என்ன தப்பு? கண்ணபுரத்திலிருந்து காங்கேயம் வரைக்கும் எந்தத் தரகனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இப்படித்தான் பேசுவான். அவள் அப்பன் இருந்திருந்தாலும் இப்படித்தான் பேசியிருப்பான்.

தண்ணீர் குடியுங்கள். நானும் குடிக்கிறேன்.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பிரம்படிக்கு. நான் செவிடு என்றதற்கு ஒத்துவந்து அப்படி உட்கார்ந்தாளா? அல்லது, இந்தக் கையைப் பிடித்தவன் நாலு பேர் முன்னால் உதவாதவள் என்கிறானே என்று மனசு செத்து உட்கார்ந்தாளா? நான் துண்டை நீட்டினேனே, அதைப் பார்த்தாளா? தலையைக் குனிந்திருந்தாள். சிப்பாய் மறைத்துக்கொண்டு நின்றான். பார்த்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. அந்த லாரியில் உங்கள் மாமனாரும் போனார் தம்பி. முன்சீட்டில். பெயர் கூப்பிட ஆள் வேண்டுமென்று அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே நின்றது என்று அவருக்குத் தெரியும். அவள் ஏதாவது கேட்டாளா, சொன்னாளா, அதுவும் அவருக்குத்தான் தெரியும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவளிடம். 'அம்மா, அவன் சொன்னது தரகுப் பேச்சு, மனசுல வச்சுக்காதே' என்று. தமிழில்தானே சொல்ல வேண்டும்? அதற்கு எந்தப் பாஷை படிக்கவேண்டியிருந்தது?

அந்தச் சிவப்புப் பசுவை அவிழ்த்துக்கொள்ளுங்கள். கன்றும் சேர்த்து. நல்ல மாடு. நான் திட்டவில்லை பாருங்கள், விற்கவில்லை அதனால்தான். பணத்தை உள்ளே வையுங்கள். வையுங்கள் என்கிறேன்! விலை இதுதான், போய் அவரிடம் சொல்லுங்கள், நீங்களும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள். புதுவீடு புகுந்த கையோடு அவர் வெளியே வரட்டும். வருகிற அமாவாசைக்கு ஆற்றில் இறங்கி, என் பக்கத்தில் நின்று, அவள் பெயரை அவர் வாயால் சொல்லட்டும், மேட்டில் மாட்டைக் கட்டினவள் இவள்தான் என்று சொல்லட்டும். அதோடு தீராது. அந்த லாரி நின்ற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும். பால்மரக் காடோ, மலையடியோ, எதுவானாலும் சரி. அங்கே நின்று நான் அன்றைக்குப் பேசியதை அவளுக்கு மறுபடி சொல்லட்டும். உதவாதவள் என்றதை, மந்தம் என்றதை, பொய்க்காரி என்றதை, எல்லாவற்றையும். வாய் சொன்னதை விட்டுவிட்டு, துண்டுக்குள்ளே இருந்ததைச் சொல்லட்டும். மொழிபெயர்ப்பதுதானே அவர் வேலை? இதை மொழிபெயர்க்கட்டும்.